இருபதாம் எண் கடை

மே 6, திங்கள்

இந்த டைரி இனிமேல் சங்க வேலைக்கு மட்டும். செருப்புத் தைக்கக் கொடுத்தது, கேஸ் சிலிண்டர் பதிந்தது, பல் கூசியது எல்லாவற்றையும் எழுதிய ஆறு டைரிகள் ஏற்கெனவே அலமாரியில் இருக்கின்றன. இதிலாவது உருப்படியாக ஏதாவது இருக்கட்டும்.

நேற்று என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். கிடங்குத் தெரு உணவுக் கடைக்காரர் சங்கம். எனக்குக் கடை எதுவும் இல்லை. அந்தத் தெருவில் மாடி வீட்டில் குடியிருப்பதும், பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் நேரக்காப்பாளராக இருந்ததும்தான் தகுதி. கையெழுத்து அழகாக இருக்கும், வேலை வெட்டியும் கிடையாது என்று சூப்புக் கடை ஜாபர் எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டும் உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை. என் பெயர் நாகலிங்கம் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டைம் சார் என்றால்தான் தெரியும்.

விஷயம் இதுதான். சாலையை அகலப்படுத்துவதால் சாக்கடையோரம் நிற்கும் இருபது தள்ளுவண்டிகளும் போயாக வேண்டும். பதிலுக்கு, சும்மா கிடக்கும் பஞ்சுக் கிடங்கு மைதானத்தில் இருபது கடைகளையும் மாநகராட்சி ஒன்றாக வைக்கிறது. தகரக் கூரை, குழாய்த் தண்ணீர், உட்கார்ந்து சாப்பிட மேசை எல்லாம் உண்டு. சேலத்தில் சாயங்காலம் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் இந்த மைதானத்தைச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். ஜூன் 12 முதல் ஒரு மாதம் சோதனை. தினமும் நான்கு மணிக்குத் திறக்க வேண்டும். கடைசி நாள் ஜூலை 12, ஆய்வு. அன்று நான்கு மணிக்குக் குறைந்தது பதினெட்டுக் கடையில் வியாபாரம் நடந்தால் இடம் நிரந்தரம். இல்லாவிட்டால் மைதானம் வண்டி நிறுத்துமிடமாகிவிடும். நம் ஆட்களுக்குத் தெருவும் இல்லை, மைதானமும் இல்லை.

நான்கு மணிக்கு வழக்கம்போல் தட்டுவடை செட். தட்டுவடை வண்டி மாதேஸ்வரி அம்மா எனக்கு மட்டும் வெங்காயத்தைக் கம்மியாக வைப்பார். நான் சொல்லி வைத்ததில்லை.

மே 14, செவ்வாய்

தெருவுக்கு வார விடுமுறை செவ்வாய் என்பதால் கூட்டம் இன்று. திட்ட அலுவலர் சங்கமித்திரை வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். பேசும்போது பேனாவை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருக்கிறார்.

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. இரண்டும் என்னுடையவை. ஒன்று, டோக்கன் கவுண்டர். ஓசூரில் மகன் செழியன் ஒரு மாலுக்குக் கூட்டிப்போனபோது பார்த்தது. வாசலில் ஒரே இடத்தில் பணத்தைக் கட்டி டோக்கன் வாங்க வேண்டும், கடையில் டோக்கனைக் கொடுத்துச் சாப்பிட வேண்டும். சட்னி அள்ளுகிற கை ரூபாய் நோட்டைத் தொடாது. சங்கமித்திரைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு, கடை வாசலில் எலுமிச்சம்பழம், மிளகாய், திருஷ்டிப் படம் எதுவும் தொங்கக் கூடாது. எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிப் பலகை. இது இருபத்தோராம் நூற்றாண்டு, மூடநம்பிக்கைக்கு நம் சங்கத்தில் இடமில்லை என்று ஐந்து நிமிடம் பேசினேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பணியாரக் கடை கோவிந்தம்மாள் மட்டும் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மறுபடியும் மூடிக்கொண்டார். என் பேச்சு அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது.

புதுச் சட்டை போட்டுப் போயிருந்தேன். பழைய நீலச் சட்டை கிழிந்துவிட்டது, அதனால்தான்.

மே 19, ஞாயிறு

மூன்று நாள் காய்ச்சல். மாடியை விட்டு இறங்கவில்லை. ஜாபர் சூப்பு கொடுத்தனுப்பினார். ஜன்னலோரம் படுத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதேஸ்வரி அம்மாவின் வண்டி மூன்று நாளும் படுதா போட்டு மூடியே கிடந்தது. ஊரெல்லாம் இதே காய்ச்சல்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று இறங்கிப் போய் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். தனக்கு ஒன்றுமில்லை, நான்தான் இளைத்துவிட்டேன் என்றார். செட்டில் கேரட் அதிகமாக இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

கடை எண் குலுக்கல். இருபது சீட்டு எழுதி ஜாபரின் சூப்புக் குண்டானில் போட்டுக் கலக்கினோம். ஜாபருக்கு வாசலை ஒட்டி இரண்டாம் எண். கோவிந்தம்மாளுக்கு ஏழு. மாதேஸ்வரி அம்மாவுக்கு இருபது. கடைசிக் கோடி, குழாயடிப் பக்கம். அவர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. என் ஜன்னலில் இருந்து பழைய வண்டி தெரியும், இருபதாம் எண் தெரியாது. சங்க டைரியில் இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் அறிவித்தேன். செயலாளராக இருந்துகொண்டு ஒரே கடையில் சாப்பிட்டால் பாரபட்சம் என்று பேச்சு வரும். ஆகையால் ஒன்றாம் எண்ணில் தொடங்கி, தினம் ஒரு கடையாக வரிசைப்படி சாப்பிடுவேன். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஜாபர், அப்படியா சார் என்று கேட்டுவிட்டு மாதேஸ்வரி அம்மாவைப் பார்த்தார். அவர் சீட்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

வரிசைப்படி போனால் இருபதாம் எண் ஜூலை 4-ஆம் தேதி வருகிறது. சும்மா எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 12, புதன்

திறப்பு விழா. நாதஸ்வரம், பொன்னாடை, பேச்சு, லேசான தூறல். நல்ல கூட்டம். கடைகள் சூடுபிடிக்க ஆறு மணி ஆகிவிட்டது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 13, வியாழன்

இன்று கவனித்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

4.07: ஒருவர் மனைவி, குழந்தையோடு வந்து முப்பது ரூபாய் டோக்கன் மூன்று வாங்கினார். நேராக இருபதாம் எண்ணுக்குப் போனார். வடை இன்னும் ஆறவில்லை, முதலில் பணியாரம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று மாதேஸ்வரி அம்மா அனுப்பிவிட்டார்.

4.12: பணியாரக் கல் காயவில்லை, சூப்பு குடியுங்கள் என்று கோவிந்தம்மாள் அனுப்பினார்.

4.16: எலும்பு வேகவில்லை என்றார் ஜாபர்.

4.40: அந்தக் குடும்பம் இருபது கடையையும் சுற்றிவிட்டுக் கவுண்டருக்கே திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டது. குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஐந்தரைக்கு மேல் கூட்டம் நெருக்கித் தள்ளியபோதுதான் ஒவ்வொரு கடையாக வேண்டா வெறுப்பாகக் கொடுக்க ஆரம்பித்தது. வடை ஆறவில்லையாம். காலையில் சுட்ட வடை.

ஜூன் 17, திங்கள்

நான்கு மணிக்கு வியாபாரம் நடந்த கடைகள்: ஒன்று. அதுவும் தெருவுக்குப் புதிதாக வந்திருந்த ஐஸ் கடை.

மற்ற ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டேன். ஒருவருக்குக் கேஸ் தீர்ந்துவிட்டது, ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்கு மச்சினன் வந்திருக்கிறான். பத்தொன்பது பேரும் என் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னார்கள். பணிமனையில் தாமதமாக வண்டி எடுக்கிற ஓட்டுநர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சோம்பேறிகள். இவர்கள் மூன்றரைக்கே வந்து எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டு நிற்கிறார்கள்.

சங்கமித்திரை ஃபோன் செய்தார். தினசரிப் பதிவு இப்படியே போனால் வண்டி நிறுத்துமிடம்தான் சார் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. சாக்கடையோரத்திலாவது இவர்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 20, வியாழன்

இருபதாம் எண் நேற்றும் இன்றும் திறக்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். உள்ளேதான் இருந்தார். வடை டப்பாக்களைத் துடைத்து, துடைத்ததையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன குறை என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லீங்க சார். இடம் நல்லாருக்குது. தண்ணி நல்லா வருது."

பிறகு, தாரமங்கலத்தில் தங்கை இருக்கிறாள், அங்கேயே போய் வடை மட்டும் சுட்டுக் கடைகளுக்குப் போடலாமா என்று யோசனை இருப்பதாகச் சொன்னார். அது உங்கள் விருப்பம் என்றேன். செயலாளர் வேறு என்ன சொல்ல முடியும்.

இன்று எனக்கு எட்டாம் எண் கடை, காளான். பாதிக்கு மேல் இறங்கவில்லை. வாயுத் தொல்லையாக இருக்கும்.

ஜூன் 21, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு ஜாபர் மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி, "போணி ஆகலீங்க சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வியாபாரம் மந்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாதே என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அன்றைக்கு முதல் வியாபாரத்தின் காசு கையிலிருந்து கைக்கு வர வேண்டும். அதுவும் ராசியான கையாக இருக்க வேண்டும். அந்தக் கை ஒவ்வொரு கடைக்கும் ஒன்று. ஜாபருக்குத் தையல்காரர் அங்கமுத்து. கோவிந்தம்மாளுக்கு மருந்துக் கடைப் பெண். போணி ஆகாமல் இரண்டாவது ஆளுக்குக் கொடுத்தால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது. அதனால்தான் ஒவ்வொருவரும், முதல் ஆள் பக்கத்துக் கடையில் தொடங்கட்டும் என்று தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"டோக்கன வாங்கிக் கண்ணுல ஒத்திக்க முடியுங்களா சார்? இருபது கடைப் போணியும் அந்தக் கவுண்டர்ப் பொண்ணுக்கே போயிடுது."

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன்.

"இருபத்தோராம் நூற்றாண்டுன்னீங்க."

அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, மாதேஸ்வரி அம்மாவுக்கு யாருடைய கை ராசி என்று கேட்டேன். ஜாபர் என்னைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.

"ஆறு டைரி எழுதி வெச்சிருக்கறீங்க. எடுத்துப் பாருங்க சார்."

ஜூன் 22, சனி

காலையிலிருந்து ஆறு டைரிகளையும் படித்தேன். சமைக்கவில்லை.

முதல் டைரி மனைவி சகுந்தலா போன மறுவருடம் ஆரம்பித்தது. ஓய்வு பெற்றவனுக்கு நான்கு மணி என்பது கெட்ட நேரம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம் அது. வர வீடு இருந்தது, காபி வைக்க ஆள் இல்லை. கீழே இறங்கித் தட்டுவடை செட் சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

ஓசூரில் பேரன் பிறந்தபோது நான்கு நாள் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று எழுதியிருக்கிறேன்: "தட்டுவடைக் கடை நான்கு நாளாக இல்லையாம், ஜாபர் சொன்னார்." கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது இரண்டு நாள்: "தட்டுவடை இல்லை, யாரையாவது அனுப்பி பன் வாங்க வேண்டும்." இந்த மே மாதக் காய்ச்சல், மூன்று நாள். பதினோரு இடங்களில் இப்படி இருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் இல்லாத எந்த நாளிலும் அந்தக் கடை திறந்ததில்லை.

எல்லாவற்றையும் என் அழகான கையெழுத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். படித்ததுதான் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று முப்பத்திரண்டு வருடம் எழுதினேன். அதற்காக யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று எழுத அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

அந்தக் கடைக்கு இருபதாம் எண்ணைக் கொடுத்து, டோக்கனையும் கொடுத்து, வரிசைப்படி ஜூலை 4-ஆம் தேதி வருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்த புத்திசாலியும் நான்தான். வெட்கமாக இருக்கிறது. கூடவே சந்தோஷமாகவும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

அவசரக் கூட்டம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். ராசி, கை இதையெல்லாம் நான் இப்போதும் நம்பவில்லை, ஆனால் கடை என்னுடையது இல்லை, உங்களுடையது என்றேன். போன மாதப் பேச்சைவிட இது சின்னது. இதற்குக் கைதட்டினார்கள்.

தீர்மானம்: நான்கு மணிக்கு ஒவ்வொரு கடையிலும் முதல் வியாபாரம் மட்டும் கையில் காசு. வாங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உறை மாட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு டோக்கன். சங்கமித்திரை பேனாவை நிறைய முறை அழுத்தினார். படிவத்தில் இதை என்னவென்று காட்டுவது என்று கேட்டார். "நேரடி முதல் விற்பனை" என்று எழுதலாம் என்றேன். எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "எங்கம்மா பூக்கடை வெச்சிருந்தாங்க சார். போணி ஆகாம எனக்கு பஸ்ஸுக்குக்கூடக் காசு தர மாட்டாங்க" என்றார். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். இவரும் என் பேச்சுக்குப் பயந்திருக்கிறார்.

அடுத்து, இருபது கைகளையும் நான்கு மணிக்கு வரவழைக்க வேண்டும். இதற்குத்தானே நான் பிறந்திருக்கிறேன். கால அட்டவணை போட்டேன். தையல்காரர் அங்கமுத்து, மருந்துக் கடைப் பெண், ஒரு போக்குவரத்துக் காவலர், இரண்டு கல்லூரி மாணவிகள், எதிர்வீட்டுப் பாப்பா (நான்கு வயது, போண்டாக் கடைக்கு இவள் கைதான்). கடைசி வரியில் கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதினேன்: கடை எண் 20, நாகலிங்கம், 4.00.

தினம் ஒரு கடை என்ற என் அறிவிப்பு ரத்து செய்யப்பட்டது. ஒருமனதாக. கோவிந்தம்மாள் இரண்டு கைகளையும் தூக்கினார்.

மாதேஸ்வரி அம்மா அட்டவணையை இரண்டு முறை படித்தார்.

ஜூன் 26, புதன்

4.00-க்கு இருபதாம் எண்ணில் நின்றேன். மூன்று பத்து ரூபாய் நோட்டு, மடிப்புக் கலையாதது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டை வடை டப்பாக்களின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, பெட்டியில் போட்டார். கை கழுவினார். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. வெங்காயம் கம்மி. ஆறு வருடமாகக் கண் முன்னால் நடந்ததுதான். இன்றுதான் பார்த்தேன்.

4.15-க்குப் பதினேழு கடைகள். கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

4.10-க்கு இருபதும். கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டியது.

ஜூலை 7, ஞாயிறு

நல்ல மழை. சேர்வராயன் மலையே தெரியவில்லை. தகரக் கூரை ஒழுகவில்லை. மேசைகளில் இடமில்லாமல் ஜனங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஒரு மேசையில் பணியாரம், சூப்பு, செட் மூன்றும் இருந்தன. சாக்கடையோரத்தில் இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

செழியன் ஃபோன் செய்தான். ஓசூர் வீட்டில் எனக்கென்று அறை தயாராம். ஆகஸ்டில் வந்துவிடச் சொல்கிறான். ஆய்வு முடியட்டும் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

3.58-க்கு ஆய்வுக் குழு வந்துவிட்டது. நான்கு பேர். நான் வாசலில் பொன்னாடையோடும் அறிக்கைக் கோப்போடும் நின்றேன். தலைமை அதிகாரி கை கொடுத்துவிட்டு, ஒன்றாம் எண்ணில் இருந்து நீங்களே ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மணி நான்கு. அங்கமுத்து சூப்புக் கடையில் நின்றார். போக்குவரத்துக் காவலர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். போண்டாக் கடையில் பாப்பாவைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எண்ணினேன். பத்தொன்பது. பதினெட்டுப் போதும். சங்கம் பிழைத்தது. நான் அசைய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கடைசிக் கோடியில் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு செட் கேட்டு நின்றுகொண்டிருந்தார். மாதேஸ்வரி அம்மா கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினார். வாசல் பக்கம் பார்க்கவில்லை. ஆய்வு நாளன்று என்னால் நகர முடியாது என்று அவருக்குத் தெரியும். டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் இருக்கையை விட்டு எழுந்து போனதில்லை. கோப்பை ஜாபரின் கையில் கொடுத்தேன். பொன்னாடையை அதிகாரிக்குப் போர்த்தாமல் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். நடந்தேன். அது நடை இல்லை, ஓட்டம் என்கிறார் ஜாபர். பின்னால் சங்கமித்திரை அதிகாரியிடம் சொல்வது காதில் விழுந்தது: "சார் போணிக்குப் போறாருங்க."

4.03. தாமதம். நோட்டை நீட்டினேன்.

"ஆபீசருங்கள நிக்க வெச்சுட்டு வந்துட்டீங்களே சார்."

"மணி நாலாயிடுச்சுங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த முறை கொஞ்ச நேரம் ஒற்றிக்கொண்டிருந்தார். கை கழுவி வந்து எனக்கு வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஓசூருக்குப் போறீங்கன்னு ஜாபர் பாய் சொன்னாரு."

"யோசிக்கலீங்க" என்றேன். அது பதிலா என்று தெரியவில்லை. அவருக்குப் போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. இரண்டாவது செட் ஒன்று தட்டில் வந்தது. நான் கேட்கவில்லை.

குழு இருபது கடையையும் சுற்றி வந்தது. அதிகாரி கடைசியில் இருபதாம் எண்ணில் உட்கார்ந்து இரண்டு செட் சாப்பிட்டார். டோக்கன் வாங்கித்தான் சாப்பிட்டார். இடம் நிரந்தரம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். கோவிந்தம்மாள் அழுதார். எல்லோருக்கும் பணியாரம் கொடுத்தார்.

ஜூலை 14, ஞாயிறு

ஆணை வர ஒரு வாரம் ஆகும். கவுண்டருக்கு இன்னொரு ஆள் போட வேண்டும். குழாயடியில் வழுக்குகிறது, சொல்ல வேண்டும். நாளை வங்கியில் புதுப் பத்து ரூபாய்க் கட்டு ஒன்று வாங்க வேண்டும்.

செழியன் ஃபோன். ஆய்வுதான் முடிந்துவிட்டதே, அங்கே உங்களுக்கு என்னப்பா இருக்கிறது என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

"செவ்வாக்கெழம காலையில வந்து பேரனப் பாத்துட்டு அன்னைக்கே திரும்பிடறேன்டா. புதன் நாலு மணிக்கு நான் இல்லைன்னா இங்க கடை தொறக்காது."

எல்லாக் கடைகளையும் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.